ஒரு ஹில்டி

மார்பில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று ஹில்டி டேவ்ஸ் வந்து சொன்னபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். எங்கள் பேராசிரியர் எய்னார் தோர்வால்ட்சன் ஒரு படி மேலே போய் அவளைக் கட்டிப்பிடித்து, "எங்க மானத்தக் காப்பாத்திட்ட தாயே" என்றார். வெளியாட்கள் பார்த்திருந்தால் எங்கள் எல்லோரையும் பிடித்து மனநல ஆஸ்பத்திரியில் போட்டிருப்பார்கள். போட்டிருந்தால் ஹில்டியாவது பிழைத்திருப்பாள்.

கைதட்டினதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். வின்னிபெக்கில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில் எங்கள் கூடம். நாற்பதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேருக்கு மார்பில் நீர்க்கட்டி வரும். டாக்டர் ஊசி வைத்து உறிஞ்சுவார். நீரில் ரத்தம் கலந்திருந்தால் பரிசோதனைக்கு அனுப்புவார், தெளிவாக இருந்தால் சிங்க்கில் ஊற்றிவிட்டுக் கை கழுவுவார். அந்தத் தெளிந்த நீரில்தான் விஷயம் இருக்கிறது என்று எய்னார் நம்பினார். உடம்பைக் காவல் காக்கிற செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளச் சில புரதங்களை அனுப்பும். சைட்டோகைன் என்று பெயர். கட்டி நீரில் அது அதிகமாக இருக்கும் பெண்களுக்குப் பிற்பாடு புற்றுநோய் வருகிறதா என்பதுதான் அவர் கேள்வி. பல வருஷமாக நூற்றுக்கணக்கான பெண்களிடம் நீர் வாங்கி அளந்துகொண்டிருந்தோம். பதில் அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அளக்கிறவள் நான், ராக்சேன் புரோகோப்சுக். கூடத்தில் ராக்ஸி. என் மெஷின் இன்றைக்கு ஒரு எண் சொல்லும், அடுத்த வாரம் அதே நீருக்கு வேறு எண் சொல்லும். அதற்கு வாய்ப்பூட்டு போட, எப்போதும் மாறாத ஒரே நீரை, மெஷினுக்குள் போகிற குழித்தட்டான பிளேட் ஒவ்வொன்றிலும் ஓரத்துக் குழியில் வைப்போம். அதுதான் கன்ட்ரோல். அதற்கு நிறைய நீர் வேண்டும், எல்லாம் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். ஒரு வருஷம், எங்களோடு வேலை பார்த்த ஹில்டிக்கு எலுமிச்சம்பழ அளவில் கட்டி வந்தது. எடுத்த நீரைப் பங்கு போட்டுச் சின்னச் சின்ன ட்யூபில் அடைத்து, மூடியில் தன் பெயரைத் தானே எழுதி, ஃப்ரீசரில் அடுக்கினவள் அவள்தான். அன்றிலிருந்து எங்கள் பேச்சே மாறிப்போனது. ஒரு நோயாளியின் நீரில் சைட்டோகைன் எவ்வளவு என்று கேட்டால் "அரை ஹில்டி" என்போம், "ஒண்ணேகால் ஹில்டி" என்போம். கிறிஸ்துமஸ் விருந்தில் புது ஆட்களிடம் அவள், "மத்தவங்கள்லாம் வேலைக்காரங்க. நான்தான் இங்க அளவு" என்று அறிமுகம் செய்துகொள்வாள்.

அந்த ட்யூப்கள் தீர்ந்துகொண்டு வந்தன. வேறு ஒருத்தியின் நீரை வைத்தால் பழைய அளவும் புது அளவும் ஒட்டாது, இத்தனை வருஷ உழைப்பும் பாதியில் அறுந்து தொங்கும். எய்னாருக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மே மாதக் கடைசியில் இவள் வந்து, கட்டி என்றாள்.

"எவ்ளோ பெருசு?" என்றார் எய்னார்.

"செர்ரிப் பழம் இருக்கும்."

"செர்ரியா?" அவர் முகம் தொங்கிப்போனது. "அதுல என்ன வரும், ரெண்டு சொட்டு. ஒரு மாசத்துக்குக்கூடக் காணாது."

"என்னோடதெல்லாம் வளரும் எய்னார். கவலப்படாதீங்க."

"அப்ப வளரட்டும். அவசரமே இல்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், உங்க ஃபேமிலி டாக்டர்கிட்டப் போயிடாத. அந்த ஆளு குத்திக் கீழ ஊத்திடுவான். நல்லா ரொம்பினதும் நம்ம லவாலி கையால எடுப்போம். ஐஸ்ல வச்சு, நம்ம ட்யூப்ல."

டாக்டர் லவாலி எங்கள் ஆஸ்பத்திரியின் மார்பு நோய் டாக்டரம்மா. எங்களுக்கு வரும் நீரெல்லாம் அவர் எடுத்துக் கொடுப்பதுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. "உள்ள இருக்கறது நீர்தானான்னு ஒரு ஸ்கேன் பாத்துடலாமே. ரெண்டு மாடி கீழ எறங்கினா ஸ்கேன் ரூம்" என்றேன்.

"ஸ்கேன் எடுக்கறவ பாத்தா அன்னிக்கே குத்தச் சொல்லுவா ராக்ஸி" என்றார் எய்னார். "இவளுக்கு இதுவரைக்கும் நீரத் தவிர வேற ஏதாவது வந்திருக்கா, சொல்லு."

ஹில்டி சிரித்தாள். "என் மாரப் பத்தி என்னவிட இவளுக்குத்தான் கவல."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை நான் இப்போது கேலி செய்யப்போவதில்லை. புருஷன் வெர்ன் வேறொருத்தியோடு கெலோனாவுக்குப் போய்விட்டான். ஒரே மகள் கர்ஸ்டின் பிராண்டனில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தாள், பிறந்தநாளுக்கு ஒரு போன் வரும். கட்டுரைகளில் ஹில்டியின் பெயர் அச்சானதில்லை. ஆனால் அந்தக் கூடத்துக்குள் அவளைத் தொடாமல் ஒரு எண்கூட வெளியே போனதில்லை. வேறு எங்கேயும் அவள் யாருக்கும் அவ்வளவு வேண்டப்பட்டவளாக இருக்கவில்லை.

ஜூன் போனது. திங்கட்கிழமை தோறும் எய்னார் கதவில் தலையை நீட்டி, "எப்படி இருக்கு நம்ம கட்டி?" என்பார். நம்ம கட்டியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜூலையில் அவர் கிம்லியில் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விட்டு, அவர் தங்கை செய்த பிளம்ஸ் அடுக்குக் கேக்கோடு வந்தார். ஐஸ்லாந்துக்காரர்கள் பண்டிகைக்குச் செய்கிற கேக். பெரிய துண்டாக வெட்டி ஹில்டிக்கு முதலில் கொடுத்தார்.

"சாப்பிடு சாப்பிடு, ஊறட்டும்" என்றார்.

அவள் வாய் நிறையக் கேக்கோடு சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் மதியம் இருவரும் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தது மென்னோனைட் என்கிற கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தில், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பேச்சு வருவதற்கு முன்பே வந்துவிடும். கொசு பிய்த்தது.

"தொட்டுப் பாக்கறேன், காட்டு" என்றேன்.

"பட்டப்பகல்லயா? ஆசயப் பாரு."

கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தொட்டேன். அவளுடைய பழைய கட்டிகளை எனக்குத் தெரியும், கூடத்தில் எல்லோரும் ஒருமுறை தொட்டுப் பார்த்திருப்போம், எங்களுக்கு வெட்கம் எல்லாம் போய் ரொம்ப நாளாயிற்று. அவையெல்லாம் விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். இது ஓடவில்லை. ஊன்றிக்கொண்டு நின்றது.

"ஹில்டி, இது நகரல."

"ரொம்பினா கெட்டியாத்தான் இருக்கும்."

"ரொம்பினா உருண்டையா இருக்கும். இதுக்கு மூலை இருக்கு."

"ராக்ஸி, நீ பிளேட் பாக்கறவ. டாக்டர் ஆயிடாத." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னும் ரெண்டு வாரம். லவாலி லீவு முடிஞ்சு வரட்டும். நான் எய்னார்கிட்ட சொல்லிட்டேன்."

"எய்னார் கிடக்கறான் போ. அவன் மாரா இது?"

"என் மாருதான். அதான் சொல்றேன், விடு."

நேராக எய்னார் அறைக்குப் போனேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவ சின்னக் கொழந்தை இல்ல. இந்தக் கட்டடத்துல பாதி டாக்டருங்களவிட அவளுக்கு இதப் பத்தி அதிகம் தெரியும். அவளே சும்மா இருக்கா, உனக்கென்ன?" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

செப்டம்பரில் நாள் குறித்தார்கள். ஐஸ் டப்பாவும் ட்யூப்களும் தூக்கிக்கொண்டு நான் போனேன். வழக்கமாக எய்னார் அங்கே வருவதில்லை, அன்றைக்கு வந்தார். ஹில்டி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். மேஜையில் ஏறிப் படுத்து, "எடுத்துக்கோங்க சாமி. இது தீர்றவரைக்கும் என்ன வேலைய விட்டுத் தூக்க முடியாது" என்றாள்.

லவாலி கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு ஸ்கேன் கருவியை இழுத்து வைத்துப் பார்த்தார். ஊசியை உள்ளே செலுத்தி இழுத்தார். ஒன்றும் வரவில்லை. கோணத்தை மாற்றி இன்னொரு தரம் இழுத்தார். ஊசிக்குள் காற்றுதான் வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழமாப் போய்ப் பாக்கலாமே" என்றார் எய்னார்.

லவாலி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் சுருண்டிருப்பார்கள். "இது நீர் இல்ல" என்றார். பிறகு ஹில்டியிடம் குனிந்து, "இது எப்பலருந்து தட்டுப்படுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

ஹில்டி எய்னாரைப் பார்த்தாள். எய்னார் ஐஸ் டப்பாவைப் பார்த்தார்.

"போன வாரந்தான்" என்றாள் ஹில்டி.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். நகம் பதிந்தது. லவாலி அவள் தோளைத் தடவிக்கொடுத்து, "நல்ல காரியம் பண்ணீங்க. உடனே வந்துட்டீங்க" என்றார்.

வெளியே நடையில் எய்னாரை மடக்கினேன். "சொல்லியிருக்கலாம்ல நீங்க. மூணு மாசத்துக்கு மேலன்னு சொல்ல வாய் இருந்துச்சுல்ல?"

"நோயாளி ஒண்ணு சொல்றப்ப நான் நடுவுல புகுந்து மாத்த முடியுமா?" என்றார். அந்த நிமிஷத்தில் அவள் அவருக்கு நோயாளி ஆகிவிட்டாள். காலையில்கூட தங்கமாக இருந்தாள்.

ஹில்டியைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாலம் தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"எதுக்குடி பொய் சொன்ன? அவனக் காப்பாத்தவா?"

"அவன் எக்கேடு கெட்டுப் போறான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பின்ன என்ன சொல்லச் சொல்ற? மார்புப் புத்துநோய் ஆராய்ச்சியில காலத்த ஓட்டினவ நான். வசந்தத்துலருந்து உரம் போட்டு வளத்தேன் டாக்டரம்மான்னு சொல்லவா? அவ என்ன எந்தக் கண்ணால பாப்பா?"

புற்றுநோய்தான். அக்குளுக்கும் போய்விட்டிருந்தது. மார்பை எடுக்க வேண்டும், பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள். ஒரு வாரத்திலேயே வந்துவிட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். ஒவ்வொரு தடவையும் அவள் தலையாட்ட வேண்டியிருந்தது. அந்தத் தலையாட்டலைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பெரிய கொடுமை.

ஆபரேஷன் அன்று காலையில் எய்னார் பூங்கொத்தோடு வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு, மனுஷன் வந்துவிட்டாரே என்று. உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வானிலை பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொரு பக்கத்துல நீர்க்கட்டி ஒண்ணு ஸ்கேன்ல தெரியுதாம். லவாலி சொன்னாங்க. நல்லாப் பெருசாம்."

ஹில்டி அவரையே பார்த்தாள்.

"மருந்து ஏத்திட்டா அந்த நீர் மாறிடும். இன்னிக்கு மயக்கத்துல இருக்கறப்பவே எடுத்தா உனக்கு வலியும் தெரியாது. உன் இஷ்டந்தான்."

நான் எழுந்துவிட்டேன். அந்தப் பூங்கொத்தாலேயே அவர் மூஞ்சியில் அடித்திருப்பேன். ஹில்டி, "உக்காரு ராக்ஸி" என்றாள். அவரிடம், "எடுத்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் கண் கலங்கி அவள் நெற்றியில் முத்தமிட்டார். அன்று மாலை நானே ஐஸ் டப்பாவில் அதைக் கொண்டுவந்து பங்கு போட்டு அடைத்தேன். பழைய நீரோடு வைத்து அளந்தேன், அச்சு அசலாக ஒத்துப்போனது. எய்னாரின் ஆய்வு பிழைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் அவர் எங்களைக் கூட்டி வைத்து, இனி ட்யூபிலும் திரையிலும் ஹில்டி என்று யாரும் எழுத வேண்டாம், 'உள் கன்ட்ரோல்' என்று எழுதினால் போதும் என்றார்.

"பேர மாத்தினா தண்ணி மாறிடுமா?" என்று கேட்டேன்.

"கட்டுரையப் படிச்சுப் பாக்கறவங்க தேவையில்லாமக் கேள்வி கேப்பாங்க."

"என்ன கேள்வி?"

அவர் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். என்ன கேள்வி என்று எனக்கும் அப்போது பிடிபடவில்லை. நான் இவ்வளவு கூர்மை என்று சொல்லிக்கொள்கிறேனே, எனக்கு அது மார்ச் மாதம் வரை உறைக்கவில்லை. அதையும் ஹில்டிதான் வந்து சொன்னாள்.

பனி இன்னும் உருகாத ஒரு நாள், முடியெல்லாம் கொட்டிப்போய்க் கம்பளித் தொப்பியோடு கூடத்துக்கு வந்தாள். புருவமும் இல்லை. எல்லோரும் ஓடிவந்து நலம் விசாரித்துவிட்டு அதே வேகத்தில் வேலைக்கு ஓடினார்கள். அவள் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராக்ஸி, நான் கன்ட்ரோல் இல்லன்னு வச்சுக்கோ. வெளியிலருந்து வந்த ஒரு நோயாளி. என்ன எங்க வைப்ப?"

"எங்கன்னா?"

"வரிசையில எங்க."

திரையைப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை, எனக்கு அந்த எண் என் போன் நம்பரைவிட நன்றாகத் தெரியும். நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் அரை ஹில்டிக்குக் கீழே. ஒரு ஹில்டியைத் தொடுகிறவர்களுக்குச் சிவப்பு வட்டம் போடுவோம், வருஷா வருஷம் கண்காணிக்க வேண்டியவர்கள் என்று. கன்ட்ரோலைப் பொறுக்கும்போது எண் பெரிதாக இருக்கிற நீராகப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள், அப்போதுதான் மெஷினுக்குத் தெளிவாகத் தெரியும். இவள் நீரை முதன்முதலில் அளந்த அன்று எய்னார், "அடேயப்பா, என்னா சிக்னல்" என்று கொண்டாடினார். கேக் வாங்கி வந்தது நான். அன்றிலிருந்து அந்த எண்ணிடம் நாங்கள் கேட்டதெல்லாம், நேற்று மாதிரியே இருக்கிறாயா என்பது ஒன்றுதான். என்ன சொல்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"மேல" என்றேன். "உச்சியில."

"சிவப்பு வட்டம்."

"ஆமா."

"நானே எத்தன பேருக்குப் போட்டிருக்கேன் அந்த வட்டத்த." அவள் சிரிக்கப் பார்த்தாள். "கன்ட்ரோல்னு எழுதியிருந்தா கண்ணு தாண்டிப் போயிடுது பாரேன்."

எழுந்து எய்னார் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன்.

"எய்னார், என்னையும் ஆய்வுல சேத்துக்கோங்க. அளவு அதிகமா இருந்து கேன்சர் வந்தவ நான். உங்க பக்கம் ஒரு ஆளு கூடும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இங்க வேல பாக்கறவங்களச் சேக்கக் கூடாது. அதுவும் நீ கன்ட்ரோல். ஒரே ஆளு ரெண்டு பக்கமும் இருக்க முடியாதும்மா."

"அப்ப நான் எதுலயும் இல்லையா?"

"ஒருத்தர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உனக்கு அது தற்செயலாக்கூட வந்திருக்கலாம். உனக்கே தெரியாதா?"

தெரியும். அவளே எத்தனையோ நோயாளிகளிடம் போனில் அதைச் சொல்லியிருக்கிறாள். தொப்பியைச் சரி செய்துகொண்டு, "தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டிடத்துக்குள் வரவில்லை.

கோடையில் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வார்டில் சேர்த்தார்கள். கர்ஸ்டின் பிராண்டனிலிருந்து வந்தாள். உயரமான பெண், அம்மாவின் தாடை, அம்மாவின் வாய். வந்த நாள் முதல் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டாள், ஸ்பூனால் சூப் ஊட்டினாள். இத்தனை வருஷம் போனில் பேசாததையெல்லாம் இருவரும் பேசினார்கள். நான் வேலை முடிந்து போகும்போது சில நாள் சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்கும். ஹில்டி அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை லவாலி பார்க்க வந்தார். அவர் நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கர்ஸ்டினிடம் சொன்னார்: "உங்கம்மா பண்ண வேண்டியதெல்லாம் கரெக்டாப் பண்ணாங்க. கட்டி தெரிஞ்சு ஒரு வாரத்துல வந்தாங்க. அதுக்கு மேல யாராலயும் சீக்கிரம் வர முடியாது. சில நேரம் நோயே அப்படித்தான்."

அவர் போனதும் கர்ஸ்டின் சூப் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஒரு வாரத்துல போயே இந்தக் கதி. அப்புறம் எதுக்கு டாக்டரு, ஸ்கேனு? வர்றது வரட்டும்னு இருந்துடலாம்."

"அப்படியெல்லாம் சொல்லாத" என்றேன்.

"நெஜந்தான ராக்ஸி ஆன்ட்டி. எனக்கும் ஒண்ணு இருக்கு, ஈஸ்டர்லருந்து. போகலாம் போகலாம்னு இருந்தேன். இப்ப இவங்களப் பாத்ததுக்கு அப்புறம் போகவே தோணல. போயி என்ன ஆகப்போகுது?"

ஹில்டி அரைத் தூக்கத்தில் இருந்தாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தாள்.

"எங்க இருக்கு?"

"அம்மா, நீங்க தூங்குங்க."

"எங்கடி இருக்கு?"

கர்ஸ்டின் இடது பக்கம் கை வைத்துக் காட்டினாள். ஹில்டி என்னைப் பார்த்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம், நான் வேறு விதமாகச் சொல்லிப் புரியவைக்கிறேன், இந்தப் பெண்ணை இப்போது இழக்காதே என்று கத்தவேண்டும் போல இருந்தது. அவள் எனக்கு அவகாசம் தரவில்லை.

"ஒரு வாரம்னு சொன்னது பொய்" என்றாள்.

"என்னது?"

"மே மாசமே தெரியும் எனக்கு. செப்டம்பர்லதான் போனேன். வேணும்னேதான் போகல."

கர்ஸ்டின் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"கட்டி பெருசாகட்டும்னு. ஆபீஸுக்கு நீர் வேணும்னாங்க. நீர்தான்னு நெனச்சேன். போயிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அக்குளுக்குப் போறதுக்கு முன்னாடி புடிச்சிருப்பாங்க. நான் பொழச்சிருப்பேன் கர்ஸ்டின். அதனால நீ நாளைக்கே போற."

பொழச்சிருப்பேன் என்று அவள் சொன்னது நிச்சயமா? எந்த டாக்டரும் அப்படி அடித்துச் சொல்லமாட்டார். கட்டிக்குள் என்ன நடந்தது, எப்போது பரவியது, யாருக்குத் தெரியும்? ஆனால் ஹில்டிக்கு அப்போது சந்தேகத்துக்கு இடம் விட வசதிப்படவில்லை.

கர்ஸ்டின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் ஹில்டி. "கை தட்டினாங்க."

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து நிதானமாகப் பொத்தான் போட்டாள். "பத்து வருஷமா என்ன வந்து பாக்க உங்களுக்கு லீவு கெடைக்கல. அந்த ஆபீஸ்காரங்களுக்குச் செத்துக் குடுக்க மட்டும் நேரம் இருந்துச்சு" என்றாள். "அவங்களையே வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

போய்விட்டாள். லிஃப்ட் வரைக்கும் ஓடினேன். கதவு மூடிக்கொண்டது. திரும்பி வந்தால் ஹில்டி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இதச் சொல்லாம அவள டாக்டர்கிட்ட அனுப்ப எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா சரி ஆன்ட்டின்னு தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. அவ என் பொண்ணு. எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இப்ப என்மேல இருக்கற கோவத்துலயாவது போவா. எங்கம்மா மாதிரி இருக்கக் கூடாதுன்னு போவா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் போனதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "போனாளா?" வருவாளா என்று கேட்கவே இல்லை. எய்னார் ஒரு நாள் பூ அனுப்பினார், ஆள் வரவில்லை. கர்ஸ்டின் என் போனை எடுப்பதாக இல்லை. நான் விடாமல் அடித்தேன். ஒரு நாள் எடுத்தாள்.

"போனேன்" என்றாள். "நீர்க்கட்டிதானாம். எடுத்துட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல. போதுமா?"

"கண்ணு, அம்மாகிட்ட நீயே வந்து சொல்லேன். ரொம்ப நாள் இல்ல."

"வரமாட்டேன்."

"ஒரு தடவ."

"வரமாட்டேன்னு சொன்னேன்ல. அதயும் சொல்லிடுங்க அவங்ககிட்ட."

ஹில்டியிடம் சொன்னேன். முதல் பாதியைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் இரண்டாம் பாதியை விழுங்கிவிடலாம் என்று இருந்தேன். அவளே கேட்டாள்.

"வரமாட்டேன்னாளா?"

"ஆமா."

"ம்." உதட்டை நனைத்துக்கொண்டாள். "நீர்க்கட்டி வந்தவளுக்குத் திரும்ப வரும். வருஷா வருஷம் பாக்கணும். அவளா போகமாட்டா, சோம்பேறி. நீ போன் பண்ணி நச்சரி. திட்டுவா. திட்டினா திட்டட்டும்."

அக்டோபரில் செத்தாள். கர்ஸ்டின் அடக்கத்துக்கும் வரவில்லை. எய்னார் வந்து, அறிவியலுக்கு உடலைத் தந்தவள் என்று கண் கலங்கப் பேசினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அடுத்த வாரம் வேலையையும் விட்டேன்.

வருஷம் ஒரு தடவை பிராண்டனுக்குப் போன் போடுகிறேன். என் குரல் கேட்டதுமே கெட்ட வார்த்தையில்தான் ஆரம்பிப்பாள். என்னை, அவள் அம்மாவை, எங்கள் கூடத்தை எல்லோரையும் கிழித்துப் போடுவாள். நான் குறுக்கே பேசுவதில்லை. முடித்ததும், "ஸ்கேனுக்கு எப்ப போற?" என்று கேட்பேன். நாள் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். சொன்ன நாளில் போகிறாள்.